சம்பந்திகள் சண்டையிட்ட நாள்

"காலைப் பிடிச்சிட்டேன் தங்கச்சி. சொல்லு, என்ன அவசரம்? செவப்பு வெளக்குல்லா எரியுது."

சூசையின் குரல் கம்பி வழியாக வந்தது. மோனம் நிலையத்திலிருந்து வெளியே போகிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் பேச்சைத் தொடங்குவார்கள். நிலாவின் மறுபக்கத்தில், பூமியை எப்போதும் பார்க்க முடியாத ஒரு சமவெளியில், நூற்றுச் சொச்சம் ரேடியோ ஆன்டெனாக்கள் மூன்று கைகளாக விரிந்து நின்றன. ஒவ்வோர் ஆன்டெனாவின் காலிலும் இடுப்பு உயரத்தில் ஒரு துளை இருக்கும். விண்வெளி உடுப்பிலிருந்து தொங்கும் கம்பியை அதில் சொருகினால் நிலையத்தோடு பேசலாம், சொருகாவிட்டால் முடியாது. நிலையம் அவசரமாக அழைத்தால் துளையின் மேல் சிவப்பு விளக்கு எரியும். இதற்குத்தான் காலைப் பிடிப்பது என்று பெயர். "நெலாவுக்கு வந்தும் காலப் பிடிச்சுத்தான் பொழைக்கணும்னு எழுதிருக்கு" என்று சூசை வந்த முதல் வாரமே சொன்னது நிலையத்தின் நிரந்தர நகைச்சுவையாகிவிட்டது.

ரேடியோ இல்லையா என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். இருக்கிறது. ஒவ்வோர் உடுப்பின் மார்பிலும் சிறிய உலோகப் பெட்டிக்குள், ஈய சீல் வைத்து மூடப்பட்டு இருக்கிறது. உயிருக்கு ஆபத்து என்றால் சீலை உடைக்கலாம். உடைத்த கணமே ரேடியோ விழித்துக்கொண்டு அலறத் தொடங்கும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஒளியாண்டுகள் தள்ளியிருந்து வரும் கிசுகிசுப்பைக் கேட்டுக்கொண்டிருக்கும் காதின் அருகே வெடி வைத்ததுபோல் ஆகிவிடும். நிலையம் தொடங்கியதிலிருந்து யாரும் சீலை உடைத்ததில்லை. அதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்வார்கள்.

"சூசண்ணே, சம்பந்திங்க சண்டைய ஆரம்பிச்சிட்டாங்க!" என்றாள் கட்டுப்பாட்டு அறையிலிருந்த ஹலீமா.

கம்பியில் வந்த கூச்சலில் அவள் ஹெட்போனைக் காதிலிருந்து விலக்கிப் பிடிக்க வேண்டியதாயிற்று.

"ஏ மாதாவே! நெசமாவா? ஏமாத்தலியே?"

"அல்லா மேல ஆணையா. என் கண்ணு முன்னாடி ஏறிக்கிட்டே போகுது."

சம்பந்திகள் என்பவை இரண்டு விண்மீன்கள். அட்டவணையில் அவற்றுக்கு நீளமான எண் ஒன்று உண்டு. நிலையத்தில் அதை யாரும் சொல்வதில்லை. நம் சூரியனோடு ஒப்பிட்டால் தொட்டிலை விட்டு இறங்காத பிள்ளைகள். இரண்டையும் சுற்றி வாயுவும் தூசும் பனிக்கட்டியும் கலந்த அகலமான வட்டு ஒவ்வொன்று சுழல்கிறது. நாளைக்குக் கோள்கள் உருவாகப்போவது அந்த வட்டுகளில்தான். இரண்டு விண்மீன்களும் ஒன்றையொன்று நீள்வட்டத்தில் சுற்றுகின்றன; பல ஆயிரம் ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் நெருங்கி வருகின்றன. நெருங்கும்போது ஒன்றின் ஈர்ப்பு மற்றதன் வட்டைக் கலக்கிவிடுகிறது. கலங்கிய வாயு தன் விண்மீன் மேலேயே கொட்டுகிறது. கொட்டினால் அந்த விண்மீன் பன்மடங்கு பிரகாசமாகக் கொதித்தெழுகிறது. கல்யாண வீட்டில் மட்டும் சந்தித்து, சந்திக்கிற ஒவ்வொரு தடவையும் பழைய சண்டையைப் புதுப்பிக்கிற இரண்டு குடும்பங்கள்தான்.

"கோதை மேடம் சொன்ன மாதிரியே படார்னு ஏறுதா?" என்று சூசை கேட்டார்.

"அதே மாதிரி. மெதுவா மாசக்கணக்குல ஏறும்னு சண்டை போட்டாங்களே, அத்தனை பேரும் இன்னிக்கு வாய மூடணும்."

"அப்பம் அந்த ஐஸ் சமாச்சாரம்?"

ஹலீமாவுக்கு அதை விளக்கப் பிடிக்கும். நேரமில்லை என்று தெரிந்தும் விளக்கினாள்.

"ஐஸ்ல கெடக்கிற மீன் நாறுமாண்ணே?"

"நாறாது."

"ஐஸ் கரைஞ்சா?"

"தெருவே மணக்கும்."

"அவ்வளவுதான். அந்த வட்டுல இருக்கிற சரக்கெல்லாம் தூசு மேல உறைஞ்சு கெடக்கு. உறைஞ்ச மூலக்கூறால சுத்த முடியாது. சுத்துனாத்தான் ரேடியோ அலை வரும். அதனால இத்தனை நாளா ஒண்ணும் பேசல. இப்போ நட்சத்திரம் கொதிக்குது, வெளிச்சம் வட்டு மேல உள்ளேருந்து வெளியே ஓடுது. அது தொடுற எடமெல்லாம் ஐஸ் ஆவியாகுது. ஆவியான உடனே ஒவ்வொண்ணும் தன் பேரச் சொல்லும். வெளிச்சம் வட்டோட ஓரத்துக்குப் போய்ச் சேர மூணு மணி நேரம். அந்த மூணு மணி நேரமும் எந்தெந்த எடத்துல என்னென்ன இருந்துச்சுன்னு வரிசையா கேக்கலாம். கோள் உண்டாகுறதுக்கு முன்னாடி அடுப்பங்கரைல என்ன சாமான் இருந்துச்சுன்னு பாக்கிறதுக்கு இது ஒண்ணுதான் வழி."

"அப்பம் நான் இங்க நின்னு கத பேசுதது பாவம்லா! கடைசி ஆன்டெனா பம்பு இன்னும் மக்கர் பண்ணிட்டுக் கெடக்கு."

"அதுக்குத்தாண்ணே கூப்பிட்டேன். மூணாவது கையோட கடைசி ஆன்டெனா இல்லேன்னா படம் மங்கலாயிரும்."

அது உண்மை. இரண்டு ஆன்டெனாக்கள் எவ்வளவு தூரம் விலகி நிற்கின்றனவோ அவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கலாம். கடைசியில் நிற்கும் ஒன்று தூங்கினால் மொத்தக் கண்ணுக்கும் பார்வை குறையும். அதன் குளிரூட்டும் பம்பைச் சரிசெய்யத்தான் சூசை காலையிலேயே வண்டியில் கிளம்பியிருந்தார்.

"குறுக்கால போயி சீக்கிரம் முடிக்கேன்" என்றார். "மேடத்துகிட்ட சொல்லு, சூசை இருக்கேன்னு."

"தடத்துலயே போங்கண்ணே" என்று ஹலீமா சொல்வதற்குள் கம்பி பிடுங்கப்பட்டுவிட்டது.

கட்டுப்பாட்டு அறையில் நிலையத்து ஆட்கள் அத்தனை பேரும் கூடியிருந்தார்கள். சமையல்காரர்கூட மாவுக் கையோடு வந்து நின்றார். திரையின் நடுவே ஒரு கோடு ஏறிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றவர் இளங்கோதை, நிலையத்தின் தலைவர். இந்தச் சண்டை இந்த ஆண்டு வரும், ஒரே நாளில் வெடிக்கும் என்று கணக்குப் போட்டவர் அவர்தான். அந்தக் கணக்கை நம்பித்தான் இந்தச் சமவெளியில் ஆன்டெனாக்கள் நட்டார்கள்.

"மேடம், தண்ணி!" என்று ஹலீமா கத்தினாள். "உள்வட்டத்துல தண்ணி பேச ஆரம்பிச்சிருச்சு!"

அறையே ஆர்ப்பரித்தது. சமையல்காரர் பக்கத்திலிருந்தவரைக் கட்டிப் பிடித்து அவர் சட்டையெல்லாம் மாவாக்கினார். கோதை திரும்பவில்லை, ஆனால் பின்னால் கட்டியிருந்த கைகளில் விரல்கள் ஒன்றையொன்று நெரித்துக்கொண்டிருந்ததை ஹலீமா பார்த்தாள்.

"அடுத்தது என்ன வரணும் சொல்லு" என்றார் கோதை.

"அம்மோனியா. அதுக்கப்புறம் மெத்தனால்."

"வரட்டும். ஒண்ணுவிடாம வரட்டும்."

அம்மோனியா வந்தது. வட்டின் மேல் வெளிச்சம் ஓடுவதைத் திரையில் வண்ணமாகப் பார்க்க முடிந்தது, தண்ணீரில் எண்ணெய் பரவுவதுபோல. மனிதர்கள் யாரும் அதுவரை அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

திருமலைச்சாமி மட்டும் அந்தத் திரையைப் பார்க்கவில்லை. அவர் நிலையத்தின் மருத்துவர். வெளியே போகிறவர்களின் பாதுகாப்பும் அவர் பொறுப்பு. ஓரத்தில் இருந்த சின்னத் திரையில் யார் எந்தக் காலைப் பிடித்தார்கள் என்று காட்டும் விளக்குகளை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனம்மிணி, சூசை அடுத்த காலப் பிடிச்சாராக்கும்?"

ஹலீமா திரும்பினாள். பிடிக்கவில்லை. வண்டியில் கால்மணி நேரம்கூட ஆகாத தூரம். அவரோடு பேசி முடித்து ஒரு மணி நேரத்துக்கு மேலாகியிருந்தது. கடைசி ஆன்டெனாவும் விழிக்கவில்லை.

"குறுக்கால போறேன்னாரு" என்றாள். சொல்லும்போதே அவள் குரல் இறங்கியது.

"குறுக்காலயா? அங்க பூராவும் குழியுங்க. கட்டுமானக் காலத்து வண்டித் தடம் வேற கோலம் போட்டாப்பல கெடக்குது. எதப் பாத்துத் தேடுறது?"

"காத்து எவ்வளவு இருக்கும்?" என்று கோதை கேட்டார்.

"காலைல கெளம்புனவரு. மிஞ்சிப் போனா மூணு மணி நேரத்துக்கு வருமுங்க. உடுப்பு கிழியாம இருந்தா." திருமலைச்சாமி எழுந்துவிட்டார். "மேடம், நான் கோபுரத்து ரேடியோவைத் தொறக்கறனுங்க."

அறையில் ஆர்ப்பாட்டம் அடங்கியது. கோபுரத்து ரேடியோவைத் திறந்தால் ஆன்டெனாக்கள் செவிடாகும். கோதை ஏறிக்கொண்டிருந்த கோட்டைப் பார்த்தார்.

"திறங்க" என்றார்.

"திறந்து என்ன பிரயோஜனம்?" என்று ஹலீமா குறுக்கிட்டாள். "அவரு சீல் உடைச்சிருந்தா இந்நேரம் நமக்குக் கேட்டிருக்கும். உடைக்கலேன்னா அந்த ரேடியோ தூங்குது. நாம கத்துறது அவரு காதுல விழவே விழாது."

"அதுக்காவ சும்மா உக்காந்திருக்கச் சொல்றியா? நட்சத்திரம் உனக்கு அவ்வளவு பெருசாப் போச்சாக்கும்?"

"டாக்டரண்ணே, ஒரே ஒரு நிமிஷம் வாயை மூடுங்க!"

திருமலைச்சாமி வாயைப் பிளந்தபடி நின்றார். ஹலீமா அவரிடம் இப்படிப் பேசியதே கிடையாது. அவள் கைகள் அதற்குள் வேறொரு திரையைத் திறந்துவிட்டிருந்தன.

அது அவள் எழுதிய நிரல். களைவெட்டி என்று பெயர் வைத்திருந்தாள். என்னதான் அமைதி காத்தாலும் மனிதர்கள் இருக்கும் இடத்தில் ஏதாவது மின்சத்தம் கசியும். வண்டியின் மோட்டார், கதவுப் பூட்டு, உடுப்பின் வெப்பத்தைச் சீராக வைக்கும் சுவிட்ச். அந்தச் சுவிட்ச் ஓயாமல் திறந்து மூடும். மூடும் ஒவ்வொரு தடவையும் துளியளவு ரேடியோ சத்தம் கசியும். விண்மீனின் குரலில் அது கலந்துவிடக் கூடாது என்பதற்காக, மனிதச் சத்தம் எப்படியிருக்கும் என்று களைவெட்டிக்கு அவள் மாதக்கணக்கில் பழக்கிக் கொடுத்திருந்தாள். இப்போது அது யாரையும் கேட்காமலே அடையாளம் கண்டு வெட்டி எறிந்துவிடும்.

நீக்கியவற்றின் வரைபடம் திரையில் விரிந்தது. குறைந்த அதிர்வெண் பட்டையில் ஒரே சீராக, ஒன்றன்பின் ஒன்றாக, சின்னச் சின்னக் கோடுகள். மூன்றாம் கையின் ஆன்டெனாக்கள் எல்லாவற்றிலும் இருந்தன. பக்கத்தில் களைவெட்டி தன் தீர்ப்பை எழுதியிருந்தது: உடுப்புச் சத்தம், நீக்கப்பட்டது. உடுப்புச் சத்தம், நீக்கப்பட்டது. உடுப்புச் சத்தம், நீக்கப்பட்டது.

"இது சூசண்ணன்" என்றாள். "ஒரு மணி நேரமா இவர நான்தான் தூக்கி எறிஞ்சுக்கிட்டு இருக்கேன்."

"எங்க இருக்காருன்னு அதுல தெரியுமாக்கும்?" திருமலைச்சாமியின் குரலில் கோபம் போயிருந்தது.

"கண்ண மூடிக்கிட்டு இருக்கும்போது யாராவது கூப்பிட்டா எந்தப் பக்கம்னு தெரியுதுல்ல? ரெண்டு காதுக்கும் சத்தம் வந்து சேர்ற நேரம் துளி வித்தியாசப்படும். அத வெச்சு மூளை கண்டுபிடிக்கும். நமக்கு இங்க நூறு காது இருக்கு. ஆனா ஒரு சிக்கல். விண்மீன் ரொம்பத் தூரத்துல இருக்கிறதால அலை தட்டையா வரும். பக்கத்துல இருக்கிறவரோட அலை குளத்துல கல்லு போட்ட மாதிரி வளைஞ்சு வரும். எல்லா ஆன்டெனா அலையையும் ஒண்ணாக் கோர்க்கிற நம்ம கோர்வைக் கணினி தட்டை அலைக்குத் திருத்தி வெச்சிருக்கு. தூரப்பார்வைக் கண்ணாடியப் போட்டுக்கிட்டு பேப்பர் படிக்கிற மாதிரி, சூசண்ணன் கலங்கலாத்தான் தெரிவாரு. திருத்தத்த மாத்தணும். ஆன்டெனாவ எல்லாம் தரையப் பாத்துக் குனிய வைக்கணும்."

அவள் சொல்லாமல் விட்டதைக் கோதை சொன்னார். "விண்மீனை விட்டுட்டு."

"ஆமா மேடம்."

"பதிவு பண்ணி வெச்சிட்டு அப்புறமா கோர்க்க முடியாதா?"

"அவ்வளவு அலையையும் வெச்சுக்க எடமில்ல. கோர்த்தவுடனே அழிச்சிட்டுத்தான் அடுத்தத வாங்குது. உங்களுக்கே தெரியும்."

தெரியும். அந்த வடிவமைப்பில் கையெழுத்துப் போட்டவரே அவர்தான். திரையில் வெளிச்சம் வட்டின் நடுப்பகுதியைத் தாண்டிக்கொண்டிருந்தது. மெத்தனால் இருக்க வேண்டிய வளையத்துக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான்.

"ஒரு கையை மட்டும் குனிய வை" என்றார் கோதை. "மூணாவது கை மட்டும். மத்த ரெண்டும் மேலயே இருக்கட்டும்."

ஹலீமா விசைகளைத் தட்டினாள். திருமலைச்சாமி உடுப்பு மாட்டிக்கொள்ள ஓடினார்.

ஒரு கையின் ஆன்டெனாக்கள் மட்டும் குனிந்தன. எல்லாம் ஒரே வரிசையில் நிற்பவை. குறுக்கே எந்தக் கோட்டில் இருக்கிறார் என்று அவை சொல்லின. அந்தக் கோட்டில் எங்கே என்று சொல்ல அவற்றால் ஆகவில்லை. வரைபடத்தில் சூசை ஒரு பெரிய ஊர் அளவுக்கு நீண்ட கறையாக விழுந்தார். அதற்குள் எத்தனையோ குழிகள்.

"காலைப் பிடிச்சிட்டேனுங்க" என்று வெளியிலிருந்து திருமலைச்சாமியின் குரல் வந்தது. "இங்கிருந்து எந்தப் பக்கம் போவட்டும்?"

ஹலீமா கோதையைப் பார்த்தாள். அப்போதுதான் பக்கத்துத் திரையின் முன் இருந்தவர் தன்னையறியாமல் கத்தினார்: "மெத்தனால்! மேடம், மெத்தனால் வருது!"

யாரும் கைதட்டவில்லை. கோதை அந்தத் திரையைப் பார்த்தார். ஒரு மேடு, நடுங்கி நடுங்கி எழும்பிக்கொண்டிருந்தது.

"எல்லாத்தையும் குனிய வை" என்றார். "மொதல்லயே சொல்லியிருக்கணும். எல்லாத்தையும்."

அறையின் கண்ணாடிச் சாளரம் வழியாகப் பார்த்தவர்கள் அதைப் பிறகு பலமுறை சொல்லிக்கொண்டார்கள். சூரியன் உச்சியில் கொளுத்திக்கொண்டிருந்த அந்த வெண்சாம்பல் வெளியில், அடிவானம் வரை நின்ற வெள்ளைக் கிண்ணங்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் வானத்தை விட்டு முகத்தைத் திருப்பித் தரையைப் பார்த்துத் தாழ்ந்தன. சத்தமே இல்லை. பெரிய திரையில் மெத்தனால் மேடு அப்படியே நின்று, பிறகு அழிந்து, வெறும் புள்ளிச் சிதறலாயிற்று.

"வாங்க சூசண்ணே, வாங்க, வாங்க" என்று ஹலீமா பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தாள். கோர்வைக் கணினி வளைந்த அலைக்குத் தன்னைத் திருத்திக்கொண்டது. நீண்ட கறை சுருங்கியது. ஊரளவு இருந்தது தெருவளவாயிற்று. தெரு வீடாயிற்று. வீடு ஒரு புள்ளியாயிற்று.

"கெடச்சிட்டாரு!" என்று அவள் மேசையில் குத்தினாள். அறை மறுபடியும் ஆர்ப்பரித்தது. தண்ணீர் பேசியபோது எழுந்ததைவிடப் பெரிய சத்தம். "டாக்டரண்ணே, உங்க வலது பக்கம். ரெட்டைக் குழி தெரியுதா? அதுல சின்னக் குழி. துடிப்பு சீரா வருது. உடுப்பு உசுரோட இருக்கு."

"உடுப்பு உசுரோட இருந்தா போதுமாக்கும், ஆளுங்க?"

"ஓடுங்கண்ணே!"

அடுத்த தடவை திருமலைச்சாமி காலைப் பிடித்தபோது மூச்சு வாங்கியது. வண்டி குப்புறக் கவிழ்ந்து, சூசையின் கால் அதனடியில் மாட்டிக்கொண்டிருந்ததாம். எலும்பு முறிந்திருக்கிறது. காற்று அநேகமாகத் தீர்ந்துபோய் மயங்கும் நேரத்தில் இவர் போய்ச் சேர்ந்து தன் குழாயை மாட்டியிருக்கிறார். இப்போது பேசுகிறார்.

"என்ன பேசறாரு?" என்று கோதை கேட்டார்.

"வண்டிக்குச் சேதமான்னு கேக்கறாருங்க." திருமலைச்சாமி குரலைத் தாழ்த்தினார். "மேடம், ஒண்ணு சொல்லோணும். அவரு கை ரெண்டும் நல்லாத்தான் இருக்குது. மார்புல சீல் அப்படியே இருக்குதுங்க. தொடவே இல்ல."

சூசைக்குக் கட்டுப் போட்டுப் படுக்க வைத்து, அவர் தூங்கி விழித்த பிறகு கோதையும் ஹலீமாவும் மருத்துவ அறைக்குப் போனார்கள். அவர் முகம் வெளிறியிருந்தது. கண்கள் மட்டும் பளபளத்தன. இவர்கள் வாயைத் திறக்கும் முன்பே கேட்டார்:

"என்ன மேடம், மீன் மணத்துச்சா? எல்லாம் கெடச்சுதா?"

ஹலீமா தரையைப் பார்த்தாள்.

"சீலை ஏன் உடைக்கல சூசை?" என்று கோதை கேட்டார்.

"ஒடைப்பனா? நல்லாருக்கே! பல ஆயிரம் வருசத்துக்கு ஒருக்க வர்ற சண்ட. நான் ஒருத்தன் குறுக்க உளுந்து கத்துனா அம்புட்டும் பாழ்லா. மொதல்ல சீலுக்குக் கை போச்சுதான், பொய் சொல்லக் கூடாது. பெறவு எடுத்துட்டேன். எப்படியும் தேடி வருவீயன்னு தெரியும். பல்லக் கடிச்சிட்டுக் கெடந்தேன். மேல அண்ணாந்து பாத்தேன், ஆன்டெனா ஒண்ணுகூட குழிக்குள்ள இருந்து தெரியல. அதனால என்ன, அது பாத்துட்டுத்தான இருக்கும்னு நெனச்சுக்கிட்டேன்."

"அது பாக்கல" என்றார் கோதை. "உங்களத் தேடுறதுக்காக எல்லாத்தையும் தரைய நோக்கித் திருப்பிட்டோம். நீங்க உள்ள வந்து சேர்ற வரைக்கும் மேல திருப்பல. பாதி வட்டுதான் கெடச்சுது. மீதி போச்சு."

சூசை அவரை வெறித்துப் பார்த்தார். பிறகு எழுந்து உட்காரப் பார்த்து, வலியில் முனகி, மறுபடி சாய்ந்தார்.

"என்ன வேல மேடம் செஞ்சு வெச்சிருக்கிய? பெறவு நான் அங்க கெடந்தது எதுக்கு? அதுக்கு நான் அப்பமே ஒடைச்சிருப்பேம்லா! காலும் போயி, படமும் போயி..." அவருக்குக் கோபத்தில் வார்த்தை வரவில்லை. "ஏட்டி ஹலீமா, நீயாவது சொல்லப்படாதா?"

"நான்தான்ணே குனிய வைக்கச் சொன்னேன்."

"நல்ல தங்கச்சி!"

ஹலீமாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவள் சுவரில் இருந்த திரையைத் திருகி அவர் பக்கம் திருப்பினாள்.

"பூராவும் போகலண்ணே. சம்பந்திங்க ரெண்டு பேரு. வெடிச்சது ஒரு வீட்டுல. அந்த வெளிச்சம் அடுத்த வீட்டு வட்டுக்குப் போய்ச் சேர முக்கால் நாள் ஆகும். நடுவுல அவ்வளவு தூரம் இருக்கு. நாங்க உங்களத் தூக்கிட்டு வந்த நேரமெல்லாம் அது வந்துக்கிட்டேதான் இருந்திருக்கு. இதோ, இப்பத்தான் அங்க போய்ச் சேருது. ரொம்ப மங்கல்தான். முதல் வீடு மாதிரி பெருசா வராது. ஆனா ஆன்டெனா எல்லாம் மறுபடி மேல பாத்துக்கிட்டு இருக்கு."

திரையில் ஒரு கோடு நடுங்கிக்கொண்டிருந்தது. மூவரும் பார்த்தார்கள். நடைவழியில் யாரோ "தண்ணி!" என்று கத்தினார்கள். யாரோ ஓடினார்கள். கோடு மெல்ல ஒரு மேடாக எழுந்தது.

"இதுவா?" என்றார் சூசை. "இந்த மேடு பள்ளத்துக்கா நான் கால ஒடிச்சுக்கிட்டேன்?"

"இது தண்ணிண்ணே. உறைஞ்சு கெடந்த தண்ணி, இன்னிக்குத்தான் வாயத் தொறக்குது. இன்னும் கொஞ்ச நேரத்துல மெத்தனால் வரும்."

"அது என்னது?"

"ஒரு வகை சாராயம்."

"ஆகா!"

"குடிச்சா கண்ணு போயிரும்."

"அதானே, நம்ம அதிர்ஷ்டத்துக்கு." ஆனால் அவர் கண்ணை எடுக்கவில்லை. மேடு உயர உயர அவர் முகத்தில் கோபம் கரைந்து, ஏதோ திருவிழாத் தேர் திரும்புவதைப் பார்க்கிறவரின் முகமாக மாறிற்று. "ஏறுது பாரு, ஏறுது பாரு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

கோதை திரையைப் பார்க்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தடவை இப்படி ஆனா கூப்பிடுவீங்களா?" என்று கேட்டார்.

சூசை திரையைப் பார்த்தபடி மேடு இன்னும் கொஞ்சம் ஏறும்வரை பொறுத்தார்.

"நீங்க அங்க கெடந்தா ஒடைச்சிருப்பியளா மேடம்?"

நடைவழியில் கைதட்டல் கேட்டது. கோதை ஹலீமா பக்கம் திரும்பினார்.

"ஹலீமா, ஒவ்வொரு உடுப்பும் ஓயாம ஒரு சின்னச் சத்தம் போட்டுக்கிட்டே இருந்தா என்ன ஆகும்? கேட்டாத்தான் போடணும்னு இல்ல. தானாவே போடணும். போட்டவர் நினைச்சாலும் நிறுத்த முடியாத மாதிரி."

ஹலீமா யோசித்தாள். "எப்படிப்பட்ட சத்தம்னு முன்கூட்டியே தெரிஞ்சா கழிச்சிரலாம் மேடம். தெரியாத சத்தம்தான் தொந்தரவு. தெரிஞ்சத துல்லியமா எடுத்துரலாம். கொஞ்சம் கூர்மை குறையும். யார் எங்க இருக்காங்கன்னு எந்நேரமும் நமக்குத் தெரியும்."

"எவ்வளவு குறையும்?"

"கடைசி ஆன்டெனா ஒண்ணு இல்லாத அளவுக்கு."

அந்த இழப்பு எவ்வளவு என்று அந்த அறையில் கோதைக்குத்தான் நன்றாகத் தெரியும்.

"போட்ரு" என்றார். "மொதல்ல என்னோட உடுப்புல மாட்டு. நானும் சீலை உடைக்காத ஆளுதான்."